வெறும் சீட்டை அளந்தவன்

ஜூன் 12, வியாழன். நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. ஸ்டாண்டர்ட் வண்டியின் சீட் உயரம் எண்பது சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தேன். வெறும் சீட்டை அளந்திருக்கிறேன். ஆள் உட்கார்ந்தால் அமுங்கும் என்பது நாற்காலி செய்கிறவனுக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? நாளை மறுபடி போய், யாரையாவது உட்கார வைத்து அளக்க வேண்டும். கடைக்காரர் கோபப்படுவார் என்று நினைக்கிறேன். ஒருவேளை படாமலும் இருக்கலாம்.

இதை எழுதி முடித்து, மறுபடி படித்துப் பார்த்து, எண்பதை அடித்துவிட்டு, அடித்தது சரிதானா என்ற சந்தேகத்தில் பக்கத்திலேயே '80?' என்று எழுதி வைத்தவனுக்குப் பட்டறையில் டேப்பு என்று பெயர். கழுத்தில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். சட்டைப்பையில் இன்னொன்று இருக்கும். முதல் டேப் பொய் சொல்கிறதா என்று பார்க்க அது.

சித்தப்பாவின் சோபாப் பட்டறையில் அவன் மரச்சட்டம் அடிக்கிறவன். மாலையில் மரச்சாமான் வரைபட வகுப்புக்குப் போகிறான். அந்த வகுப்பு வாத்தியார்தான், "தினமும் செய்த தவறு ஒன்றை எழுதி வையுங்கள், கை திருந்தும்" என்று சொன்னவர். மற்ற மாணவர்கள் ஒரு வாரத்தில் எழுத ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இவனுக்கு ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதவில்லை.

அவன் மனைவி வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள். "டேப்புக்கு ஏத்த மீட்டரு" என்று சித்தப்பா கல்யாணத்தன்று சொன்ன ஜோக்கை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவன் ஒட்டடைக்கோல் உயரம். அவள் இவன் தோளைத் தொட எம்ப வேண்டும். ஆனால் துருப்பிடித்த மீட்டர்க் குழி மூடியை ஒற்றைக் கையால் தூக்குவாள். எந்தத் தெருவில் எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

போன மாதம் மேட்டுத் தெருவின் பாதி ஏற்றத்தில் அவளுடைய பழைய ஸ்கூட்டர் உயிரை விட்டது. அவள் அதை ஒரு சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மீதி வீடுகளை முடித்துவிட்டு, திரும்பி வந்து அதை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இனிமே ஸ்கூட்டர் வேணாங்க. அந்த மேட்டுல வண்டி என்னைத் தூக்கினதைவிட நான் வண்டியைத் தூக்கினதுதான் அதிகம்" என்றாள். "மோட்டார் சைக்கிள் எடுப்போம். பகல்ல எனக்கு. சாயந்தரம் நீங்க வகுப்புக்கு எடுத்துக்கிட்டுப் போங்க."

நல்ல யோசனை. அவன் அன்றே அளக்க ஆரம்பித்தான். இன்று வரை அளந்துகொண்டிருந்தான். அவள் அன்றிலிருந்து நடந்துகொண்டிருந்தாள். குதிகால் இரண்டிலும் கொப்புளம்.

அந்த வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள்: "புது அதிகாரி இன்னைக்குக் கூப்பிட்டுப் பேசினாரு. ரவுண்டு ரொம்பப் பிந்துதாம். திங்கக்கிழமை காலையில வண்டியோட வரணுமாம். இல்லைன்னா ரவுண்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டு, என்னை பில் கவுண்டர்ல உட்கார வச்சிடுவாங்களாம்."

"உட்கார்ந்து பாக்கற வேலைதானே? கால் வலிக்காது" என்றான் டேப்பு. நாற்காலி செய்கிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

அவள் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினாள். "நான் நாள் பூரா உட்கார்ந்தா செத்துடுவேங்க."

சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் அதைக் கவனித்தான். அளந்து சொல்வதென்றால், தட்டில் பாதிக்குமேல் மிச்சம்.

*

கைமாறிய வண்டிகள் விற்கும் கடையில் அவர்களுக்கு ஒத்துவருகிற மாதிரி இரண்டே வண்டிகள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே அளவு இஞ்சின். உடம்புதான் வேறு.

ஒன்று குரூசர். மெரூன் நிறம். சீட் தாழ்ந்து, கைப்பிடி உயர்ந்து, கால்மிதி முன்னால் தள்ளி, ஏறி உட்கார்ந்தால் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ஊர் பார்க்கப் போகிற மாதிரி இருக்கும். பின் சீட்டுக்கு ஒரு முதுகு சாய்வும் உண்டு. இன்னொன்று ஸ்டாண்டர்ட். கறுப்பு. நேரான சீட், நேரான கைப்பிடி, நேரான முதுகு. பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சுப் பையன் மாதிரி ஒரு வண்டி. குட்டையாக, கச்சிதமாக, எந்தப் பக்கம் வளைத்தாலும் வளையும் போலிருந்தது. சீட் மட்டும் உயரம்.

வெள்ளிக்கிழமை காலை டேப்பு உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் தன் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அறைக்குள்ளும் அதைப் போட்டிருப்பதால் அவருக்குப் பெயரே கூலிங்கிளாஸ்.

"வாங்க சார். இன்னைக்கு எதை அளக்கப் போறீங்க? என்னையா?"

"ஆமாங்க" என்றான் டேப்பு.

கூலிங்கிளாஸ் ஸ்டாண்டர்டின் மேல் ஏற்றி உட்கார வைக்கப்பட்டார். டேப்பு தரையில் குத்துக்காலிட்டு அளந்தான். எழுபத்தேழு. குறித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க எத்தனை கிலோ?"

"தப்பாத்தான் நினைப்பேன். எதுக்கு?"

"என் வீட்டுக்காரம்மா உங்கள்ல பாதிதான். அவங்களுக்கு இவ்வளவு அமுங்காது. அப்ப இந்தக் கணக்கும் தப்பு."

கூலிங்கிளாஸ் இறங்கினார். கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கினார். "சார், அவங்களையே கூட்டிட்டு வந்து உட்கார வைக்கலாமே?"

"அவங்க ரவுண்டுல இருக்காங்க. நடந்து போறதால இருட்டித்தான் வருவாங்க."

"ஏன் நடந்து போறாங்க?"

"வண்டி இல்லை."

கூலிங்கிளாஸ் இரண்டு வண்டிகளின் சாவியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வரைக்கும் ரெண்டையும் உங்களுக்காக நிறுத்தி வைக்கறேன் சார். அதுக்கப்புறம் யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு" என்றார்.

டேப்பு போகுமுன் குரூசரில் ஒரு தடவை ஏறி உட்கார்ந்தான். அளக்க அல்ல. சும்மா. கண்ணாடிக் கதவில் தெரிந்த ஆளைப் பார்த்தான். தோள் அகன்று, கால் நீண்டு, யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ஒரு பெரிய மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஸ்டாண்டர்டில் உட்கார்ந்தால் தெரிகிற ஆளும் அவனுக்குத் தெரியும்: கொக்கு மாதிரி முட்டி மடக்கி, டேப்பைத் தொலைத்தவன் முகத்தோடு.

குரூசர் என்றால் அவளுக்கும் கால் எட்டும். ஆனால் சந்துகளில் திரும்புமா? ஸ்டாண்டர்ட் திரும்பும். ஆனால் கால் எட்டுமா? அவனுக்கு குரூசர் பிடித்திருக்கிறது என்பதால்தான் குரூசருக்கு நியாயம் தேடுகிறானா? அப்படிச் சந்தேகப்பட்டு ஸ்டாண்டர்டுக்குப் பரிந்து பேசுகிறானா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவனுக்கு இரண்டு காலும் காற்றில்.

*

பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. சித்தப்பா போட்டது. ஒரு பகல் முழுக்க யாரும் உட்காராத இருக்கை வாசலைத் தாண்டக் கூடாது. மரச்சட்டத்தை அடித்ததும், ரெக்சின் போர்த்துமுன், வெறும் ஃபோம் வைத்துப் பட்டறையிலேயே ஒரு நாள் எல்லாரும் மாறி மாறி உட்கார்ந்து வேலை செய்வார்கள். முதுகு வலித்தால் சாய்வை மாற்றுவார்கள். தூக்கம் வந்தால் பாஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டேப்பு கழிவுக் கட்டைகளை இழுத்துப் போட்டு இரண்டு மோட்டார் சைக்கிள்களை அடிக்க ஆரம்பித்தான். அளவெல்லாம் நோட்டில் இருந்தன. திரைச்சீலைக் கம்பி கைப்பிடி ஆனது. பழைய திண்டு பெட்ரோல் டேங்க் ஆனது. அடியில் சோபாக் கால்களுக்கு மாட்டும் உருளைகள்.

சித்தப்பா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, ஊருல எல்லாரும் வண்டி வாங்கிட்டு அதுல உட்காருவான். நீ உட்கார்ந்து பாத்துட்டு வண்டி வாங்குவியா?"

"நம்ம சட்டம்தானே சித்தப்பா?"

தன் சட்டத்தையே எடுத்து நீட்டினால் யார்தான் என்ன பேசுவது? சித்தப்பா ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு உதவிக்கு உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் கிழிந்த மோட்டார் சைக்கிள் சீட் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "இதைக் கொஞ்சம் தைச்சுக் குடுப்பீங்களா?"

சித்தப்பா எழவேயில்லை. "இது சோபாப் பட்டறைங்க. வண்டி சீட்டெல்லாம் நாங்க தொடறதில்லை. ரோட்டோரமா யாராவது தைப்பாங்க, பாருங்க."

அவர் போய்விட்டார். தையல் மெஷினில் இருந்த சித்தி நிமிர்ந்து, மரக்கட்டை மோட்டார் சைக்கிளுக்கு ஃபோம் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆண்பிள்ளைகளையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தையலுக்குத் திரும்பினாள்.

*

சனிக்கிழமை இரண்டும் தயார். வெட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒன்று, ஃபோம் குவியலுக்குப் பக்கத்தில் ஒன்று. டேப்பு அரை மணிக்கொரு தடவை மாறி மாறி உட்கார்ந்து ஆணி அடித்தான். குரூசரில் உட்கார்ந்து அடித்த ஆணியெல்லாம் கோணலாகப் போயின. ஸ்டாண்டர்டில் நேராகப் போயின. இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தான். ஒன்றும் புரியாமல் அதையும் எழுதிக்கொண்டான்.

மத்தியானத்துக்குப் பிறகு பல் டாக்டர் வந்தார். தன் கிளினிக்குக்கு நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகள் கேட்டிருந்தார். சித்தப்பா பேச்சை ஆரம்பித்து முடிப்பதற்குள் அவர் குரூசரைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"அது ஒண்ணுமில்லை டாக்டர், வீட்டுப் பையன் ஒருத்தன்..."

டாக்டர் ஏறி உட்கார்ந்துவிட்டார். காலை முன்னால் நீட்டினார். கம்பியைப் பிடித்தார். "ஆ" என்றார். கடைசியில் யாரோ அவரையே வாயைத் திறக்கச் சொன்ன மாதிரி இருந்தது அந்த 'ஆ'. சித்தப்பா துணி மாதிரிகளை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் டாக்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்கிட்டாரு. குரூசர் பாஸ்" என்றார் சித்தப்பா குரலைத் தாழ்த்தி.

டேப்புக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. உடனே அந்தச் சந்தோஷத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

அப்போதுதான் அவன் மனைவி வந்தாள், சனிக்கிழமை ரவுண்டு அரை நாள்தான். தோளில் மீட்டர்ப் பை. செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். இரண்டு மரவண்டிகளையும், ஒன்றின் மேல் தூங்கும் டாக்டரையும் பார்த்தாள்.

"இதுக்குத்தான் நேத்து வீட்டுக்கு லேட்டா வந்தீங்களா?"

"நீ உட்கார்ந்து பாத்து சொல்லணும். எது சௌகரியமா இருக்குன்னு."

"எவ்வளவு நேரம் உட்காரணும்?"

"ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தாத்தான்..."

"ஏங்க" என்றாள் அவள். "நான் எப்பங்க வண்டியில உட்காருவேன்? ஏறுவேன், அடுத்த வீடு வரைக்கும் போவேன், இறங்குவேன். குனிஞ்சு மூடியைத் தூக்குவேன், எழுதுவேன், மறுபடி ஏறுவேன். நாள் பூரா இதேதான். உட்கார்ந்து பாக்கறதுக்கு நான் என்ன, நோயாளியா?"

டேப்பு நோட்டைப் புரட்டினான். ஒரு நோட்டு நிறைய அளவு இருந்தது. இறங்குவது என்று ஒரு வரிகூட இல்லை.

"சரி, நானே பாத்துக்கறேன்" என்றாள். கொப்புளக் காலாலேயே மூன்று பேர் சோபாவை உதைத்து நகர்த்தினாள். வெட்டு மேசைக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு சந்து உண்டானது. "மேட்டுத் தெரு முட்டுச்சந்து. இவ்வளவுதான் அகலம்."

டேப்பு கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனான்.

"அளக்காதீங்க. தினமும் நடக்கறவ சொல்றேன்."

அடுத்து வீடுகள் வேண்டும். சித்தப்பா முதல் வீடு. தையல் மெஷின் நாய் இருக்கிற வீடு. கடைசியில் கிடந்த ஸ்டூல் முட்டுச்சந்து வீடு. வண்டியைத் தள்ளுவது டேப்பு. டாக்டரை எழுப்பச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை, எழுப்பினால் பேரம் பேசுவார். அதனால் முதலில் ஸ்டாண்டர்ட்.

அவள் காலை வீசி ஏறினாள். தொங்கவிட்ட கால்கள் ஊஞ்சலில் இருப்பதுபோல ஆடின. பெருவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது.

"போலாம்!"

டேப்பு தள்ளினான். சித்தப்பா தன் வீட்டு வாசலில் நின்றபடியே வாயால் "டுப் டுப் டுப்" என்று இஞ்சின் ஓட்டினார்.

"வீடு எதுக்கு மாமா சத்தம் போடுது?"

"வேற யாரு போடுவா? உன் வீட்டுக்காரனுக்கு மூச்சு வாங்குது பாரு."

முதல் வீட்டில் இறங்கி, சித்தப்பாவின் பாதத்தை மீட்டர்க் குழி மூடி மாதிரி தூக்கிப் பார்த்து, "முந்நூத்திப் பத்து" என்று சொல்லி ஏறினாள். தையல் மெஷினை நெருங்கியதும் சித்தி, தையலை நிறுத்தாமலே, "வள்" என்றாள்.

"அத்தை, இந்த நாய் இப்படிக் குரைக்காது. முதல்ல உறுமும்."

"உர்ர்" என்றாள் சித்தி. நூல் அறுந்தது.

சந்தின் முடிவில் வண்டி அழகாகத் திரும்பியது. ஒரே வளைப்பு. டேப்புக்கே ஆச்சரியம். திரும்பி வரும்போதுதான் அவள் ஸ்டூல் வீட்டுக்கு முன் நிறுத்தி இடது காலை ஊன்றினாள். கால் கிடைத்தது, தரை கிடைக்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். வண்டி சாய்ந்தது. அவள், மீட்டர்ப் பை, பெட்ரோல் டேங்கான திண்டு எல்லாம் சேர்ந்து ஃபோம் குவியலுக்குள் போய் மறைந்தன.

"என்ன, என்ன?" என்று டாக்டர் விழித்துக்கொண்டார். பழக்க தோஷத்தில், "வலிக்காது, வலிக்காது" என்றும் சொன்னார்.

அவள் ஃபோமுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூள். "அடுத்த வண்டி" என்றாள்.

டாக்டர் இறக்கப்பட்டார். குரூசரில் அவள் ஏறியது பார்க்க அழகாக இருந்தது. இரண்டு பாதமும் தரையில் பலகை மாதிரி பதிந்தன. இறங்குவதும் சுலபம். முதல் வீடு, நாய் வீடு எல்லாம் சுகம். டேப்பு தள்ளிக்கொண்டே மனசுக்குள் மெரூன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தின் முடிவு வந்தது. திருப்பினான். முன்பக்கம் மேசையில் இடித்தது. பின்னால் இழுத்தான். முதுகு சாய்வு சோபாவில் இடித்தது. முன்னால் தள்ளினான், மேசை. பின்னால், சோபா. கடைசியில் வண்டி குறுக்கே வசமாக மாட்டிக்கொண்டது. சித்தப்பா ஒரு முனையையும் டாக்டர் ஒரு முனையையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். அவள் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் மேட்டுத் தெருவுக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து தூக்குவீங்களா?" என்று கேட்டாள்.

சித்தப்பாவும் டாக்டரும் வண்டியைக் கீழே வைத்தார்கள்.

அவள் அதிலிருந்து இறங்கி, சோபாவின் கைமேல் உட்கார்ந்து, தலையிலிருந்த பஞ்சைத் தட்டினாள். டேப்பு நின்ற இடத்திலேயே நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை, குரூசரைத்தான் பார்த்தாள்.

"குரூசரே எடுங்க" என்றாள். குரலில் விளையாட்டு இல்லை. "உங்களுக்கு அதுதானே பிடிச்சிருக்கு. அதுல உட்காரும்போது உங்க மூஞ்சியே வேற மாதிரி இருக்கு. நான் பாத்திருக்கேன், கடை வாசல்ல ஒரு நாள். நான் ரவுண்டை விட்டுடறேன். கவுண்டர்ல ஃபேன் இருக்கு."

"வேணாம்" என்றான் டேப்பு.

எதையும் அளக்காமல் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது சித்தப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது.

"ஸ்டாண்டர்டுதான்" என்றான்.

"கால் எட்டலையே?"

"எட்டும்."

"எப்படி?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமலே சொல்லிவிட்டான். காது சிவந்தது. "செருப்புக்குக் கீழே கட்டை வச்சு..." என்று ஆரம்பித்து, அவள் குதிகாலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"தெருவையே கொஞ்சம் மேலே தூக்கலாம்" என்று சித்தப்பா தன் பங்குக்குச் சொன்னார்.

தையல் மெஷின் நின்றது. சித்தி எழுந்து வந்தாள். வழியில் கிடந்த ஃபோம் வெட்டும் கத்தியை எடுத்தாள். அவள் வந்த வேகத்தைப் பார்த்துச் சித்தப்பா ஓரடி பின்வாங்கினார். ஆனால் சித்தி நேரே ஸ்டாண்டர்டிடம் போனாள். கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தினாள். சீட்டின் இரண்டு ஓரத்திலும் தொடை படுகிற இடத்தைச் சரிவாகச் செதுக்கினாள். பிறகு மேலே இரண்டு விரல் கனத்துக்கு ஒரே இழுப்பு. ஃபோம் தகடாகக் கழன்று அவள் கையோடு வந்தது.

"உட்காரும்மா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். காலைத் தொங்கவிட்டாள். பாதம் இரண்டும் தரையில்.

டாக்டர் கைதட்டினார்.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே" என்றாள் சித்தி. "சீட்டு உசரம்னா சீட்டை வெட்டறதுதானே? நாம என்ன பேங்க்லயா வேலை பாக்கறோம்? நாள் பூரா ஃபோம் வெட்டறவனுக்கு ஒரு வண்டி சீட்டு சாமி சிலை மாதிரி தெரியுது!"

"வண்டி சீட்டெல்லாம் நம்ம வேலை இல்லையேன்னு..." என்று டேப்பு முனகினான்.

"யாரு சொன்னது?"

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். சித்தப்பா, ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தது போலத் தரையில் ஓர் ஆணியைத் தேடினார்.

"நேத்து வந்தவரு இன்னேரம் ரோட்டோரத்துல உட்கார்ந்திருப்பாரு" என்று சித்தி முடித்துவிட்டு மெஷினுக்குப் போனாள்.

அவன் மனைவி இன்னும் வண்டியை விட்டு நகரவில்லை. ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். தானாகவே வாயால் "டுப் டுப்" என்று சொல்லிப் பார்த்தாள். டேப்பு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, அவனால் முடியவில்லை, குனிந்து அளந்தான். சீட்டில் ஆள் இருக்கும்போது.

"ஆனா நீங்க எப்படிங்க ஓட்டுவீங்க?" என்று அவள் மேலிருந்து கேட்டாள். "முன்னாடியே கொக்கு மாதிரி. இப்ப இன்னும் ரெண்டு விரல் கீழே. முட்டி காதைத் தொடும்."

"தொட்டா தொடட்டும். வகுப்பு வரைக்கும்தானே."

"எதுக்குடா தொடணும்?" என்றார் சித்தப்பா. ஆணி தேடுவதை விட்டிருந்தார். தொழில் மானம் திரும்பியிருந்தது. "அந்த சீட்டு ஒரு சாவியில கழண்டு வரும், தெரியுமா? காலையில ஒரு சீட்டு, சாயந்தரம் ஒரு சீட்டு. அவளுக்கு இது. உனக்கு நான் ஒண்ணு செய்யறேன் பாரு. உசரமா, நடுவில குழிவா, பின்னாடி ஒரு சாய்வு வச்சு, ரெண்டு அடுக்கு ஃபோம். அதுல உட்கார்ந்தா ஸ்டாண்டர்டுக்கே தான் குரூசர்னு சந்தேகம் வந்துடும்."

"சந்தேகம் வந்தா இவரு வண்டிதான்" என்றாள் அவள்.

டேப்பு சிரித்தான். மெரூன் நிறம் மனசிலிருந்து போய்விட்டது என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருந்தது. ஓரமாக.

அப்போது டாக்டர் தொண்டையைச் செருமினார். இன்னும் குரூசரின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். "இது உங்களுக்கு வேணாம்னு முடிவாயிடுச்சா?"

"ஏன் டாக்டர்?"

"என் கிளினிக்குக்கு. நோயாளிங்க பயத்துல எதையாவது பிடிச்சுக்கணும்னு தவிக்கிறாங்க. போன வாரம் ஒருத்தர் என் காதைப் பிடிச்சுட்டாரு. இதுல பிடிக்க வசதியா கம்பி இருக்கு. காலை நீட்டிக்கலாம். உள்ளே என் மெஷின் சத்தம் கேட்டாக்கூட, வண்டி ஓடுதுன்னு நினைச்சுப்பாங்க."

சித்தப்பாவின் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. "எத்தனை வேணும் டாக்டர்?"

"ஆறு போடுங்க. பின்னால பாக்கற கண்ணாடியும் வச்சு. தங்களுக்குப் பின்னாடி எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு பாத்தா, கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

"மெரூன் கலர்ல போடலாமா?" என்று டேப்பு கேட்டான்.

"மெரூனே போடுங்க" என்றார் டாக்டர்.

*

ஜூன் 14, சனி. இன்றைய தவறுகள்: உட்காருவதை அளந்தேன், இறங்குவதை அளக்கவில்லை. தெரிந்த வேலையைத் தெரியாத வேலை என்று நினைத்துவிட்டேன். சந்தில் திருப்பும்போது சோபாவின் கையில் கீறல் விழுந்தது. சித்தப்பா இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாளை: காலையில் கடைக்குப் போய் ஸ்டாண்டர்டை எடுக்க வேண்டும். அவளும் வர வேண்டும், சாவியை அவள் கையில் வாங்க. டேப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டையும். மத்தியானம் சீட்டைக் கழற்றி, ஓரத்தைச் செதுக்கி, மேலே இரண்டு விரல் வெட்டி, ரெக்சின் அடித்து, இருட்டுவதற்குள் மாட்ட வேண்டும்.